மிகப் பாதுகாப்பான இடம்

முதலில் அந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா. எழுதும்போது தலையைப் பின்னுக்கு இழுக்கிறீர்கள், தாளைக் கை நீளத்துக்குத் தள்ளி வைக்கிறீர்கள். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. என் கடைக்கு வாருங்கள் என்று சொல்லும் நிலைமையில் இப்போது நான் இல்லை. வேறு யாரிடமாவது காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இருபது வருடத்துக்கு மேலாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, ஒரு வில்லையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இதுவா, அதுவா, எது தெளிவா இருக்கு?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை நிறைய உண்டு என்று என் மனைவியே சொல்வாள். அவளுக்கு யாரையும் சுலபத்தில் புகழ்ந்து பழக்கமில்லை.

போன வாரம் இதே ஸ்டேஷன் அறையில் நீங்கள் என் தோளைத் தட்டி அனுப்பிவைத்தீர்கள். "மனச விட்டுடாதீங்க சார். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. உங்கள யாரும் குத்தம் சொல்லல" என்றீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், நன்றி. ஆனால் என் சகலை இறந்தது அப்படி இல்லை. தவறிப்போன பந்து பட்டு இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பந்து தவறிப்போகவில்லை. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

நீங்கள் கோல்ஃப் ஆடியதில்லை என்பது அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், அவசரமில்லையே.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். டைல்ஸ் வியாபாரம். வாய் நிறையப் பேச்சு, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அங்கே இருக்கும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்குச் சர்க்கரை வந்து டாக்டர் நடக்கச் சொன்னபோது, "சும்மா நடந்தா போரடிக்கும் சகலை. ஒரு பந்த அடிச்சிட்டு அது பின்னாடி நடங்க" என்று கிளப்பில் சேர்த்துவிட்டவர் அவர்தான். மட்டைகள்கூட அவருடைய பழைய மட்டைகள். அவர்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆட்டம் வரவில்லை. இரண்டு குறைகள். ஒன்று, மட்டை பந்தைத் தொடும் முன்பே மண்ணைத் தொட்டுவிடும், பந்தைவிடப் புல்கட்டி அதிக தூரம் போகும். இன்னொன்று, தப்பித்தவறி பந்தில் பட்டாலும் அது நேராகக் கிளம்பி, பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல வலது பக்கம் வளைந்து புதருக்குள் போய்விடும். மற்றவர்கள் இருநூறு கெஜம் அடிக்கிற இடத்தில் நான் நூறைத் தாண்டினால் பெரிய விஷயம். சேர்ந்த இரண்டாவது வாரமே சகலை எனக்கு 'மண்வெட்டி' என்று பெயர் வைத்துவிட்டார். மூன்றாவது வாரம் கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாசலில் வண்டி நிறுத்தச் சொல்லும் ஆள்கூட.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொண்டேன். தலையை ஆட்டாதீர்கள் என்றார், ஆட்டவில்லை. இடுப்பைத் திருப்புங்கள் என்றார், திருப்பினேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இருட்டறைக்குள் குடையை வைத்து வீசிப் பழகினேன். மட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்றினேன், ஷூவை மாற்றினேன், என் கண்ணாடியையே மாற்றினேன். "அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்ங்க" என்று மனைவி சொன்னாள். அம்மி நகரவில்லை. ஒரு வருடம் கழித்துப் பயிற்சியாளர் பெருமூச்சு விட்டு, "சார், உங்களுக்கு எல்லாம் தெரியுது. பந்துக்குத்தான் தெரிய மாட்டேங்குது" என்றார். இதைச் சகலையிடமும் சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் சகலை கரண்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் போலவே அடித்துக் காட்டினார். மண் கண்ணில் விழுந்ததுபோல் இமைப்பதும், பந்து போன திசையை எட்டிப் பார்ப்பதும் அச்சு அசலாக நான்தான். என் மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"மைதானம் கொஞ்சம் சரிவா இருக்கு, அதான்" என்று நான் ஏதோ சொல்லப்போக, "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார் சகலை. நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னார்.

ஏழாவது குழியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அடிக்கும் மேடையிலிருந்து பந்து போய் விழ வேண்டிய குழி வரை உள்ள பாதை முழுவதையுமே குழி என்றுதான் சொல்வார்கள். நீங்கள் போய்ப் பார்த்த இடம்தான். அடிக்கும் மேடையிலிருந்து பார்த்தால் எதிரே தரை மெல்ல ஏறி ஒரு மேடாக முடியும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் ஒருவர் முன்னால் போய் மேட்டின்மேல் நின்றுகொண்டு, பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வார். மற்றவர்கள் அடிக்கும்போது அவர் ஓரமாக ஒரு மரத்தடியில் ஒதுங்கி நிற்பார். எங்களில் முதலில் அடித்துவிட்டு அப்படி முன்னால் போகிறவர் சகலைதான். நான் அடிக்கும்போது மட்டும் அவர் மரத்தடியை விட்டு வெளியே வந்து, நடு மேட்டில், எனக்கு நேர் எதிரே நிற்பார்.

"மண்வெட்டி அடிக்கும்போது இந்த மைதானத்துலயே பாதுகாப்பான இடம் எது தெரியுமா? அவரு குறி பாக்கிற இடம்" என்பார். "கல்லடி பட்டாலும் படலாம், சகலை அடி மட்டும் நம்மமேல படாது." எங்களோடு ஆடும் பல் டாக்டரும் சிமென்ட் ஏஜென்ட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்கள்.

பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால் "ஃபோர்" என்று உரக்கக் கூவ வேண்டும். அது எச்சரிக்கை. கேட்டவர்கள் தலையைப் பொத்திக்கொண்டு குனிவார்கள். நான் கூவினால் சகலை குனிய மாட்டார். இரண்டு கைகளையும் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, சிலையாக நின்றுவிடுவார். நகர்ந்தால்தான் ஆபத்து என்பது அவருடைய வாதம். பந்து வலது பக்கம் புதருக்குள் போனதும் கண்ணைத் திறந்து, "இருக்கேன், இருக்கேன்" என்பார். இரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது. அவருடைய வாதம் ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை.

இனிப் பயிற்சித் திடல். அங்கே வரிசையாக நின்று பந்துகளை அடித்துத் தள்ளுவார்கள். விழுந்த பந்துகளைப் பொறுக்க ஒரு சிறு வண்டி சுற்றிக்கொண்டிருக்கும். அதை ஓட்டுபவர்மேல் பந்து படாமலிருக்க அவரைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருப்பார்கள். அவரை நாங்கள் கூண்டுக்காரர் என்போம். அந்த வண்டியைக் குறிவைத்து அடிப்பது எல்லோருக்கும் ஒரு விளையாட்டு. வலையில் பந்து பட்டு 'டங்' என்று சத்தம் வந்தால் கைதட்டுவார்கள், கூண்டுக்காரரும் உள்ளிருந்து கையை ஆட்டுவார். யாரும் இதைத் தப்பு என்று நினைப்பதில்லை.

ஒரு நாள் மத்தியானம், வெயிலில் வேறு யாரும் இல்லை. கொடியைப் பார்த்து அடித்தேன், வளைந்து போனது. மறுபடி அடித்தேன், மண். மூன்றாவது பந்தை வைத்தபோது வண்டி எனக்கு நேரே வந்து நின்றது. கூண்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அடித்தேன். 'டங்.' அவர் கையை ஆட்டினார்.

நானும் பனம்பழக் கதை என்றுதான் நினைத்தேன். அடுத்த பந்தும் பட்டது. அதற்கடுத்ததும். வண்டி தூரம் தூரமாக நகர்ந்தது, பந்தும் கூடவே போனது. மண் தெறிக்கவில்லை, வளையவில்லை. மட்டையின் நடுவில் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதன்பிறகு வாரத்தில் மூன்று மத்தியானம் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போனேன். தூரம் கூடியது. நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது. கம்பிவலையில் ஓட்டுபவர் முகத்துக்கு இடது பக்கம் ஒரு கிழிசல் இருந்தது, உள்ளங்கை அகலம் இருக்கும். குறி சிறிதாக இருந்தால்தான் துல்லியம் வரும் என்பது எல்லா விளையாட்டுக்கும் பொது. ஒரு நாள் 'டங்' என்ற சத்தம் வரவில்லை. வண்டி வளைந்து போய் வேலியில் முட்டி நின்றது. நான்தான் ஓடிப்போய் அவரை இறக்கினேன், நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காதில் பட்டிருந்தது. அவருக்கு ஒரு கண்ணாடியும் இலவசமாகச் செய்து கொடுத்தேன். வெகு நாளாகவே அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒன்னு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க."

"மத்தவங்க எல்லாம் வண்டியப் பாத்து அடிப்பாங்க. நீங்க என்னையப் பாத்து அடிக்கிறீங்க."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"எனக்குத் தெரியும் சார். உள்ள உக்காந்திருக்கிறவன் நான்தானே" என்றார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேலையையும் விட்டுவிட்டார். இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள வண்டி நிறுத்தத்தில் இருக்கிறார். நீங்கள் அவரைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். நான் தொடர்ந்து சரியாக அடித்ததைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். பேசும்போது வலது பக்கமாக நின்று பேசுங்கள், இடது காது கேட்பதில்லை.

அவருக்குப் பதில் வந்தவர் கூண்டைச் சுற்றித் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டார். முகம் தெரியவில்லை. என் பந்து பழையபடி வளைய ஆரம்பித்தது. இருட்டறையில் சோதிப்பதுபோலச் சோதித்துப் பார்த்தேன். இதுவா, அதுவா? வண்டி இருந்து ஆள் இல்லை, வரவில்லை. ஆள் இருந்து முகம் இல்லை, வரவில்லை. அப்போதுதான் புரிந்தது, எனக்குக் குறியாக ஒரு முகம் வேண்டும். எல்லோருக்கும் ஒரு பலவீனம் உண்டு. சிலருக்குத் தோள்பட்டை, சிலருக்கு முட்டி, எனக்கு இது.

அப்புறம் ஒரு நாள், தூரம் குறைந்த ஒரு குழியில் சகலை பந்து விழ வேண்டிய இடத்தில் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்து அடித்தேன். வேண்டுமென்று இல்லை, அவர் அங்கே நின்றார், அவ்வளவுதான். பந்து அவர் சட்டைக்கு ஒரு சாண் தள்ளிப் போய், கொடிக்குப் பக்கத்தில் விழுந்து நின்றது. என் வாழ்க்கையிலேயே நல்ல அடி. திடலில் அடித்ததையெல்லாம் சேர்க்காமல் சொல்கிறேன். பல் டாக்டர் வாயைப் பிளந்தார். சகலை பந்தையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அடேங்கப்பா, குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்சிடுச்சு" என்றார். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று மாலைக்குள் கிளப் முழுக்க அந்தக் கதைதான். அடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பூனையைப் பற்றித்தான் பேசினார்கள்.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நல்லா அடிச்சீங்க சகலை' என்று. அவ்வளவு போதும் எனக்கு. நான் இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்க வேண்டியதே இருந்திருக்காது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் தெரிந்தே மண்ணை வெட்டினேன். இதுதான் உங்களுக்கு விளங்காது என்று நினைக்கிறேன். நன்றாக ஆடுவதைவிட, நம்பும்படியாக மோசமாக ஆடுவது கஷ்டம். ஏழாவது குழியில் ஒவ்வொரு வாரமும் சகலையின் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் புதரைப் பார்த்து அடித்தேன். அவர் கையை விரித்து நின்றார், கண்ணைத் திறந்து "இருக்கேன்" என்றார். அவர் முகத்தில் பயத்தின் சுவடு சிறிதளவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் பயந்தால் நகர்ந்துவிடுவார். நானாக ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. கை வாகாக வரும் நாள் அதுவாக வரும் என்று பயிற்சியாளர் சொல்வார்.

அந்த நாள் ஒரு காலையில் வந்தது. காற்று இல்லை. புல் காய்ந்திருந்தது. சகலை முன்னால் நடந்து போய் நடு மேட்டில் நின்று, தொப்பியைச் சரி செய்துகொண்டார். எனக்குத் தூரத்துப் பார்வை ரொம்ப நன்றாக இருக்கும். மீசை வரை தெரிந்தது. காற்று இல்லாததால் குரலும் கேட்டது, "வெட்டுங்க சகலை, கெணறு தோண்டுற வரைக்கும் வெட்டுங்க."

நான் கூவினேன். அதை மூன்று பேர் உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினீர்கள். பாவம், எச்சரித்திருக்கிறார் மனுஷன் என்றீர்கள். மூன்றாவது சாட்சி அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவர், அவருக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் பல் டாக்டரை மறுபடி கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள். 'ஃபோர்' என்பது பந்து கிளம்பி, அது போகும் திசை தெரிந்த பிறகு கூவுவது. நான் மட்டையை ஓங்கும்போதே கூவினேன். பந்து அப்போது தரையில் ஊன்றிய குச்சிமேல்தான் இருந்தது. இத்தனை வருடம் ஆடுகிறவர், அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, ஏனென்றால் என் ஆட்டத்தை யாருமே கவனிப்பதில்லை.

கூவினால் சகலை என்ன செய்வார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். கையை விரித்தார், கண்ணை மூடினார், அசையாமல் நின்றார்.

நான் அவரைக் கொல்ல நினைத்தேன் என்று சொன்னால் அது மிகை. நான் நேராக அடிக்க நினைத்தேன்.

கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து அளவாக எழும்பி, எங்கேயும் வளையாமல் போனது. அடித்து முடித்ததும் மட்டையைத் தோளுக்குமேல் தூக்கி, நெஞ்சு குறியைப் பார்த்திருக்க, அப்படியே சில நொடிகள் நிற்க வேண்டும். எத்தனையோ தடவை பயிற்சியாளர் சொல்லியும் எனக்கு அது வந்ததில்லை. அன்று நின்றேன். மற்றவர்கள் கத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்கள். நான் திரும்பிப் பார்த்து யாராவது பார்த்தார்களா என்று தேடினேன். ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை.

பந்து நெற்றிப்பொட்டில் பட்டது என்று உங்கள் டாக்டர் சொன்னார். நான் மூக்கைக் குறிவைத்திருந்தேன். இதையும் மறைக்க விரும்பவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம், இல்லையா. ஏன் வந்தேன் என்று யோசிக்கிறீர்கள். சகலை வீட்டில் உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது யாரோ ஒருவர் என்னைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார். அதைக் கேட்டு என் கொழுந்தியாள் தலையைத் தூக்கினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அத்தான யாரும் ஒன்னும் சொல்லாதீங்க. அவருக்கு நேரா அடிக்கவே வராது. பாவம், அவரு என்ன பண்ணுவாரு" என்றாள்.

கூடியிருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். "நூறு தடவ அடிச்சாலும் இன்னொரு தடவ அப்படிப் போகாதுங்க" என்றார் சிமென்ட் ஏஜென்ட். என் மனைவியும் தலையை ஆட்டினாள். என் மகளும்தான்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை ஐயா. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. ஒரு பெண் தன் புருஷன் எப்படிச் செத்தான் என்று தெரியாமலே காலம் முழுக்க இருக்கக் கூடாது. அதுவும் சகலையை முட்டாள் என்று பேசுகிறார்கள், போயும் போயும் எதிரே போய் நின்றானே என்று. அது நியாயமில்லை. அவர் நின்றது சரியான கணக்கில்தான். அவருக்குத் தெரிந்த மண்வெட்டிக்கு அது சரியான இடம். அந்த ஆள் இப்போது இல்லை என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே, தவறிப்போன பந்து என்பதை அடித்துவிடுங்கள். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கொழுந்தியாளிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

இன்னும் ஒன்று. தூரம் நூற்று நாற்பத்தெட்டு கெஜம் என்று உங்கள் ஆட்கள் அளந்திருக்கிறார்கள். அவர்கள் உடல் கிடந்த இடத்திலிருந்து அளந்திருக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து அளக்க வேண்டும். பட்ட பிறகு அவர் என்னைப் பார்த்து இரண்டு எட்டு முன்னால் வந்துதான் விழுந்தார். அந்த இரண்டு எட்டும் என் கணக்கில் வர வேண்டும்.